ஃபார்வ் மாதிரி துணிஞ்சு எறியறதா, ராட்ஜர்ஸ் மாதிரி பத்திரமா ஆடறதா?

2010 ஜனவரி 24, நியூ ஆர்லியன்ஸ் சூப்பர்டோம், அமெரிக்கன் ஃபுட்பால் லீக்கான என்எஃப்எல் மேட்ச். ஜெயிச்சவன் லீக்கோட ஃபைனலான சூப்பர் பவுலுக்குப் போவான். வைக்கிங்ஸ் 28, செயின்ட்ஸ் 28, கடிகாரத்துல 19 செகண்ட் பாக்கி. வைக்கிங்ஸ் கையில பந்து, எதிரியோட 33 யார்டு கோட்டுக்கிட்ட நிக்கறாங்க, ஒரு ஃபீல்ட் கோல் (கம்பங்களுக்கு நடுவுல பந்தை உதைக்கறது, 3 பாயிண்ட்) உதைச்சா போதும். அப்பதான் ஹடில்ல (ஆடறதுக்கு முன்னாடி கூடிப் பேசற வட்டம்) 11 பேருக்குப் பதிலா 12 பேர் நின்னுட்டாங்கன்னு பெனால்டி வந்து 5 யார்டு பின்னாடி தள்ளிட்டாங்க. தேர்ட் அண்ட் 15, அதாவது மூணாவது சான்ஸ், இன்னும் 15 யார்டு போகணும். வைக்கிங்ஸ் குவார்ட்டர்பேக் (பந்தை எறியற ஆள்) பிரெட் ஃபார்வ்க்கு 40 வயசு, அந்த மேட்ச்ல அடி மேல அடி வாங்கி கணுக்கால் வேற வீங்கிப்போயிருந்தது. வலது பக்கமா நகர்ந்தார், முன்னாடி கொஞ்சம் காலி இடம் இருந்தது, அஞ்சாறு யார்டு ஓடி விழுந்திருந்தாலே கிக்கர் ரயன் லாங்வெல்லுக்கு வேலை சுலபமாயிருக்கும். ஆனா அவர் ஓடல, வலது பக்கம் ஓடிக்கிட்டே உடம்பைத் திருப்பி மைதானத்தோட நடுவுக்கு தன் டீம் ஆள் சிட்னி ரைஸை நோக்கி எறிஞ்சார், செயின்ட்ஸோட ட்ரேசி போர்ட்டர் குறுக்க வந்து பிடிச்சுட்டார். ஓவர்டைம்ல செயின்ட்ஸ் முதல் பொசஷன்லயே 40 யார்டு ஃபீல்ட் கோல் உதைச்சு 31-28, அப்போ இருந்த ரூல்படி அதோட மேட்ச் முடிஞ்சது, ஃபார்வ் கைக்கு பந்து திரும்பி வரவே இல்ல. கைக்கு எட்டினது வாய்க்கு எட்டாமப் போச்சு.

அந்த த்ரோவை எத்தனை தடவை திரும்பப் பார்த்திருப்பேன்னு கணக்கே இல்ல. ஒவ்வொரு தடவையும் மனசு ஓடு ஓடுன்னு தான் கத்துது.

குவார்ட்டர்பேக் விஷயத்துல ஓயாத சண்டை இதுதான், நெருக்கடியில துணிஞ்சு எறியறவன் வேணுமா, இல்ல பந்தைக் காப்பாத்தறவன் வேணுமா? இதை அலசறதுக்கு கிரீன் பே பேக்கர்ஸை விட நல்ல இடம் கிடையாது. 1992ல இருந்து 2007 வரைக்கும் ஃபார்வ், 2008ல இருந்து 2022 வரைக்கும் ஆரன் ராட்ஜர்ஸ், ஒரே டீம், ஒரே மைதானம் லாம்போ ஃபீல்ட், அடுத்தடுத்து ரெண்டு பேர், ரெண்டு நேரெதிர் குணம்.

ஆட்டம் புதுசா பார்க்கறவங்களுக்கு ஒரு வரி: நாலு சான்ஸ்ல 10 யார்டு போகணும், குவார்ட்டர்பேக் பந்தை வாங்கினதும் ரெண்டு மூணு செகண்டுக்குள்ள முடிவெடுக்கணும். டிஃபெண்டர் ஒட்டிக்கிட்டு நிக்கற ஆளுக்கு சந்துல நுழைச்சு எறியலாம், பக்கத்துல சும்மா நிக்கற ஆளுக்கு செக்டவுனா குடுத்து நாலு யார்டு வாங்கலாம், யாருக்கும் எட்டாம கோட்டுக்கு வெளிய வீசிடலாம், தானே ஓடலாம், எதையும் பண்ணாம நின்னா சாக் ஆகி (எதிரி பிடிச்சு சாய்ச்சு) பின்னாடி போகணும்.

ஃபார்வ் முதல் வகையில மன்னன். 508 டச்டவுன் (எதிரியோட கடைசிப் பகுதியான என்ட் ஸோனுக்குப் பந்தைக் கொண்டு போறது), 71,838 யார்டு, 1995, 96, 97னு மூணு எம்விபி, அதாவது சீசனோட சிறந்த ஆட்டக்காரர் விருது (97ல பேரி சாண்டர்ஸோட பகிர்ந்தது), கூடவே 336 இன்டர்செப்ஷன் (எறிஞ்சதை எதிரி பிடிச்சது), அது என்எஃப்எல் ரெக்கார்டு. வெறும் நம்பரைப் பார்த்து இவரைத் திட்டறது ரொம்ப சுலபம், ஆனா அந்த கை என்ன குடுத்ததுன்னும் பார்க்கணும். 1997 ஜனவரி சூப்பர் பவுல்ல பேட்ரியாட்ஸுக்கு எதிரா ஆன்ட்ரே ரைசனுக்கு 54 யார்டு, அன்டோனியோ ஃப்ரீமேனுக்கு 81 யார்டு, ரெண்டுமே டச்டவுன், 35-21 ஜெயிச்சாங்க. பயந்து செக்டவுன் குடுக்கறவன் கையில இருந்து அந்த ரெண்டும் வந்திருக்காது. 2009 செப்டம்பர்ல வைக்கிங்ஸுக்காக 49ers மேட்ச்ல கடைசி செகண்டுகள்ல என்ட் ஸோனோட கடைசி ஓரத்துல கிரெக் லூயிஸுக்கு 32 யார்டு ஒரு புல்லட் எறிஞ்சார் பாருங்க, லூயிஸ் ரெண்டு காலும் கோட்டுக்குள்ள இருக்கற மாதிரி வச்சுப் பிடிச்சார், 27-24. அங்க பத்திரமான த்ரோன்னு ஒண்ணு இல்லவே இல்ல, எறியலைன்னா தோல்வி.

அதே கை தான் 2008 ஜனவரில லாம்போல கழுத்தறுத்ததும். ஜெயன்ட்ஸுக்கு எதிரா மைனஸ் 18 டிகிரி செல்சியஸ் குளிர்ல நடந்த மேட்ச். ரெண்டாவது குவார்ட்டர்ல டொனால்ட் ட்ரைவருக்கு 90 யார்டு டச்டவுன் குடுத்தவர், ஓவர்டைம்ல அதே ட்ரைவரை நோக்கி எறிஞ்சதை கோரி வெப்ஸ்டர் பிடிச்சார், லாரன்ஸ் டைன்ஸ் 47 யார்டு உதைச்சு 23-20. பேக்கர்ஸ் ஜெர்சில ஃபார்வ் எறிஞ்ச கடைசி பந்து அது.

இப்போ ராட்ஜர்ஸ். 2011ல 45 டச்டவுன், வெறும் 6 இன்டர்செப்ஷன். 2020ல 48க்கு 5. நாலு எம்விபி. கேரியர் முழுக்க எடுத்தா ஃபார்வ் 100 த்ரோவுக்கு சுமார் 3.3 தடவை பந்தைப் பறிகொடுத்தார், ராட்ஜர்ஸ் சுமார் 1.4. கேட்க சின்ன வித்தியாசமா தெரியும், ஆனா ஒரு சீசனுக்கு 550 த்ரோன்னு வச்சா அது 18க்கும் 8க்கும் உள்ள வித்தியாசம், பத்து தடவை பந்து கூடுதலா உங்க கையில இருக்கு. (ரெண்டு பேர் காலமும் வேற, ஃபார்வ் காலத்துல டிஃபெண்டர்களுக்கு இருந்த சுதந்திரம் அதிகம், லீக் முழுக்கவே இன்டர்செப்ஷன் கூடுதல், அதையும் சொல்லித்தான் ஆகணும்.)

ராட்ஜர்ஸ்கிட்ட நான் ரொம்ப ரசிக்கறது அவரோட ஃப்ரீ ப்ளே. ஸ்நாப்புக்கு (பந்து கைக்கு வர்ற நொடி) முன்னாடி குரலை ஏத்தி இறக்கி டிஃபென்ஸை ஏமாத்துவார், எவனாவது அவசரப்பட்டு கோட்டைத் தாண்டினதும் பந்தை வாங்கி, பெனால்டி ஃப்ளாக் விழுந்திருக்குன்னு தெரிஞ்சுக்கிட்டே அம்பது யார்டுக்கு ஒண்ணு தூக்கி எறிவார். பிடிச்சா டச்டவுன், பறிபோனாலும் பெனால்டினால பந்து திரும்பி வந்துடும். அதாவது துணிச்சல் இல்லாத ஆள் இல்ல அவர், துணிச்சலுக்கு விலை இல்லாத நேரமா பார்த்து துணியற ஆள். டெட்ராய்ட்ல 2015 டிசம்பர்ல கடிகாரம் ஓடி முடிஞ்சப்புறம் 61 யார்டு ஹெய்ல் மேரி (கடைசி நம்பிக்கையா தூரமா வீசற பந்து) எறிஞ்சு 27-23 ஜெயிச்சதும் அதே கணக்கு தான், அங்க இழக்க எதுவுமே இல்ல.

ஆனா பத்திரமும் சும்மா வர்றதில்ல, அதைத்தான் நிறைய பேர் பார்க்க மாட்டேங்கறாங்க. 2018ஐ எடுத்துக்கோங்க. தொடர்ந்து 402 த்ரோ இன்டர்செப்ஷனே இல்லாம ரெக்கார்டு, சீசன் முழுக்க ரெண்டே ரெண்டு தான். டீம் என்னாச்சு? 6 வெற்றி, 9 தோல்வி, 1 டை, கோச் மைக் மெக்கார்த்தி டிசம்பர்லயே வேலையை விட்டு அனுப்பப்பட்டார். முதல் வாரத்துலயே ராட்ஜர்ஸ் முழங்கால்ல அடி, அதை வச்சுக்கிட்டு ஆடினார், அது உண்மை. ஆனாலும் அந்த வருஷம் பந்து வெளிய வெளியன்னு பறந்ததும், பிடிச்சுக்கிட்டே நின்னு சாக் ஆனதும் கண்ணால பார்த்தோம். குவார்ட்டர்பேக்கோட த்ரோக்களுக்குப் போடற மார்க்கான பாஸர் ரேட்டிங் கணக்குல சாக் வராது, அதனால கார்டுல அழகாத் தெரியும், ஆனா தேர்ட் டவுன்ல 8 யார்டு பின்னாடி போய் பன்ட் (பந்தை தூரமா எதிரிகிட்ட உதைச்சு விடறது) உதைக்கறதும் பந்தை எதிரிக்குக் குடுக்கறது தானே.

தலைகீழாவும் பாருங்க. நம்ம 30 யார்டு கோடு, தேர்ட் அண்ட் 12, நாப்பத்தஞ்சு யார்டு தள்ளி ஒரு ஆழமான பந்து எறியறோம், பறிபோச்சு, பிடிச்சவன் அங்கயே விழறான். எதிரி அவங்க 25 யார்டுல ஆரம்பிக்கணும். பன்ட் உதைச்சிருந்தாலும் கிட்டத்தட்ட அதே இடம் தான். ஸ்கோர்கார்டுல அது ஒரு இன்டர்செப்ஷன், மைதானத்துல நஷ்டம் ரொம்ப கம்மி. அதனால எத்தனைன்னு எண்ணறதை விட எங்க, எப்போ, என்ன ஸ்கோர்ல எறிஞ்சான்னு பார்க்கணும்னு தான் நான் சொல்வேன். லூயிஸுக்கு எறிஞ்சது சரி, போர்ட்டர் பிடிச்சது தப்பு, ரெண்டையும் எறிஞ்சது ஒரே சீசன்ல ஒரே ஆள். அதுலயும் அந்த 2009 ரெகுலர் சீசன்ல ஃபார்வ் 33 டச்டவுனுக்கு 7 இன்டர்செப்ஷன் தான், 531 த்ரோல 7, ராட்ஜர்ஸ் கணக்குக்கே வந்துட்டார், அவர் வாழ்க்கையிலயே அவ்வளவு சுத்தமா ஆடினது அந்த வருஷம் தான்.

ஒரு சீசன் முழுக்கன்னு கேட்டா நான் ராட்ஜர்ஸ் பக்கம், யோசிக்கவே மாட்டேன். நாலாவது குவார்ட்டர்ல 10 பாயிண்ட் பின்னாடி இருக்கோம்னா என் கை ஃபார்வ் பக்கம் போகும். ஆனா ரெண்டு பேரும் ஜெயிச்சது தலைக்கு ஒரு சூப்பர் பவுல் தான், அது இன்னிக்கும் உறுத்துது.

ஏன்னா 2021ல அதே ஜனவரி 24, லாம்போ, டாம்பா பேக்கு எதிரா என்எஃப்சி சாம்பியன்ஷிப், சூப்பர் பவுலுக்கு முந்தின மேட்ச். எதிர்ல டாம் பிரேடி மூணு இன்டர்செப்ஷன் குடுத்தார், ராட்ஜர்ஸ் ஒண்ணு தான். ஆனா முதல் பாதியோட கடைசி செகண்டுகள்ல ஸ்காட்டி மில்லருக்கு 39 யார்டு டச்டவுன் எறிஞ்சதும் அதே பிரேடி தான். கடைசில 31-23, ரெண்டு நிமிஷத்துக்குக் கொஞ்சம் மேல பாக்கி, பேக்கர்ஸ் 8 யார்டு கோட்டுல, தேர்ட் டவுன். ராட்ஜர்ஸ் வலது பக்கமா நகர்ந்தார், முன்னாடி புல் காலியா கிடந்தது, எட்டு யார்டும் கிடைச்சிருக்குமான்னு தெரியாது, நாலஞ்சு யார்டு ஓடியிருந்தாக் கூட நாலாவது டவுன் வேற மாதிரி ஆகியிருக்கும். அவரும் ஓடல. டவான்டே ஆடம்ஸைச் சுத்தி ஆள் இருந்தும் அங்கயே எறிஞ்சார், பந்து தரையில விழுந்தது. கோச் மேட் லஃப்ளூர் ஃபீல்ட் கோல் உதைக்கச் சொன்னார், 31-26. பந்து பிரேடி கைக்குப் போச்சு, கடிகாரம் தீர்ற வரைக்கும் அவர் அதைத் திருப்பித் தரவே இல்ல.