ஜேடியா, எம்ஜேடியா, யூனிக்ஸ் நொடியா, கலி தினமா: தேதியை நாள் எண்ணாக்க எது தோது?

காசிமேட்டுக்கு, கடல் ஏற்ற இறக்கம் காட்டும் ஓதக் கடிகாரம் செய்தாலும், எண்ணூர்க் கரையில் தொலைநோக்கி வைத்து வெளிச்சம் கூடிக் குறையும் மாறொளி விண்மீனைக் குறித்தாலும், முதல் வேலை தேதியையும் மணியையும் ஒரு தொடர் எண்ணாக மாற்றுவது. 2026 ஜனவரி 15, காலை 6.00 மணியை எடுத்துக்கொள்வோம். உலக நேரத்தில் (யுடிசி, நம் நேரத்துக்கு ஐந்தரை மணி பின்னால்) அது 0.30. ஜூலியன் நாள் (ஜேடி, கி.மு. 4713 முதல் வானியலார் எண்ணும் தொடர் நாள்) கணக்கில் 2461055.520833. திருத்திய ஜூலியன் நாள் (எம்ஜேடி, அதாவது ஜேடியில் 2400000.5 கழித்தது) கணக்கில் 61055.020833. யூனிக்ஸ் நொடியில் (1970 ஜனவரி 1 முதல் கணினிகள் எண்ணும் நொடி) 1768437000. கலி தினத்தில் (கலியுகத் தொடக்கத்திலிருந்து பஞ்சாங்கம் எண்ணும் நாள்) 1872589. அன்று தேதிக்குரிய கலி எண் 1872590 ஆயிற்றே என்று கேட்கலாம். பஞ்சாங்க நாள் சூரிய உதயத்தில் தொடங்குகிறது. சென்னையில் ஜனவரி நடுவில் உதயம் ஆறரை மணிக்கு. பஞ்சாங்கப்படி ஆறு மணிக்கு இன்னும் முந்தைய நாளான புதன்கிழமைதான்.

நான் பரிந்துரைப்பது எம்ஜேடி. அதையும் தசம எண்ணாக வைக்காமல், நாள் ஒரு முழு எண், அன்றைய நொடி இன்னொரு முழு எண் என்று இரண்டாகப் பிரித்து வைப்பதே நல்லது.

ஜேடியின் நல்ல பக்கத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். அது உலக நேர நண்பகலில் மாறுகிறது, நமக்கு அது மாலை 5.30. கருவியைத் தூக்கிக்கொண்டு மாடி ஏறும் நேரம். இரவு முழுக்க ஒரே முழு எண் கிடைக்கும். எம்ஜேடி காலை 5.30-க்கு மாறும், ஜூன் மாத விடியலில் எடுத்த கடைசிக் குறிப்பு அடுத்த எண்ணுக்குப் போய்விடும். விண்மீன் பதிவுகளைச் சேகரிக்கும் அமைப்புகள் பெரும்பாலும் ஜேடியைத்தான் கேட்கும். அனுப்பும் நேரத்தில் 2400000.5 கூட்டினால் முடிந்தது.

தீர்மானிக்கும் விஷயம் இலக்கங்களின் எண்ணிக்கை. ஜேடியில் புள்ளிக்கு முன்னாலேயே ஏழு இலக்கம் போய்விடுகிறது. 8 பிட் சில்லுள்ள அர்டுயினோ ஊனோ என்ற சிறு கணினிப் பலகையில் 'டபுள்' (எட்டு பைட் தசம எண்) என்று எழுதினாலும் கிடைப்பது துல்லியம் குறைந்த நான்கு பைட் ஃப்ளோட்தான். 24 பிட் துல்லியத்தில் 24 லட்சத்துச் சொச்சத்தை வைத்தால் மிஞ்சும் படி (ஓர் எண்ணுக்கும் அடுத்த எண்ணுக்கும் உள்ள இடைவெளி) கால் நாள், அதாவது ஆறு மணி நேரம். உள்ளே போகும் எந்த நேரமும் பக்கத்திலுள்ள கால் நாளுக்கு ஒட்டிக்கொள்ளும். பிழை மூன்று மணி நேரம் வரை வரும். சந்திரனின் முதன்மை அரைநாள் ஓதம் மணிக்கு 28.98 பாகை நகர்கிறது. மூன்று மணிக்கு 87 பாகை. முழு ஏற்றம் இருக்கவேண்டிய நேரத்தில் கடிகாரம் பாதி நீர்மட்டத்தைக் காட்டும். நிரலெல்லாம் சரியாக இருக்கும், அதை மொழிபெயர்க்கும் கம்பைலர் வாய் திறக்காது, ஓதம் மட்டும் ஆறு மணிக்கொரு முறை குதிக்கும். கம்பி இணைப்பையும் கடிகாரச் சில்லையும் மாற்றி மாற்றிப் பார்த்து அலுத்துப்போவார்கள்.

அதே ஃப்ளோட்டில் எம்ஜேடி வைத்தால் படி 337.5 நொடி, பிழை மூன்று நிமிடத்துக்குள். ஓதத்துக்குப் பரவாயில்லை, கிரகணத்துக்கு ஆகாது. உண்மையான எட்டு பைட் டபுள் தரும் இஎஸ்பி32 போன்ற பலகையில் ஜேடியின் படி 40 மைக்ரோ நொடி, எம்ஜேடியின் படி 0.63 மைக்ரோ நொடி. அங்கே இரண்டுமே போதும், சண்டையே இல்லை. ஆனால் பலகை மாறும், நிரலை வேறொருவர் எடுத்துக்கொண்டு போவார். இரண்டு முழு எண்ணாக வைத்தால் எந்தப் பலகையிலும் நொடி நொடியாகவே இருக்கும்.

மாற்றும் வழி இது. எல்லா வகுத்தலிலும் மீதியை விட்டுவிட வேண்டும்:

அ = (14 − மாதம்) ÷ 12
ஆ = ஆண்டு + 4800 − அ
இ = மாதம் + 12 × அ − 3
எண் = தேதி + (153 × இ + 2) ÷ 5 + 365 × ஆ + ஆ ÷ 4 − ஆ ÷ 100 + ஆ ÷ 400 − 32045
எம்ஜேடி = எண் − 2400001

ஜனவரி 15-க்கு அ = 1, ஆ = 6825, இ = 10. எண் 2461056, எம்ஜேடி 61055. ஊனோவில் 'இன்ட்' என்ற முழு எண் வகை 16 பிட்தான். 365 × 6825 அதில் வழிந்து குப்பை எண் வரும். எல்லாவற்றையும் 32 பிட் 'லாங்' ஆக்குங்கள். இடம் மிச்சம் பிடிக்க எம்ஜேடியைக் குறியில்லா (எதிர்மறை எண் ஏற்காத) 16 பிட்டில் அடைத்தால் 2038 ஏப்ரல் 22 வரைதான் ஓடும். வேடிக்கை என்னவென்றால் குறியுள்ள 32 பிட் யூனிக்ஸ் நொடியும் அதே ஆண்டு ஜனவரி 19 காலை 8.44-க்கு நின்றுவிடும்.

அடுத்த தொல்லை ஐந்தரை மணி நேரம். டிஎஸ்3231 கடிகாரச் சில்லில் இந்திய நேரத்தை வைத்திருந்தால், மணியிலிருந்து மட்டும் 5.30-ஐக் கழித்துவிட்டுத் தேதியை அப்படியே விடுவது வழக்கமான பிழை. நள்ளிரவு முதல் ஐந்தரை வரை ஒரு நாள் கூடுதலாகக் காட்டும், பகலில் சோதித்தால் அகப்படாது. ஜிபிஎஸ் தேதியும் மணியும் உலக நேரத்திலேயே வருவதால் அதை அப்படியே மாற்றலாம். இந்திய நேரமென்றால் முதலில் நாள் எண்ணாக்கி, பிறகு நொடியிலிருந்து 19800 கழியுங்கள். எதிர்மறையானால் 86400 கூட்டி நாளில் ஒன்று குறையுங்கள். மாதக் கடைசி, ஆண்டுக் கடைசி என்று தனியாக யோசிக்க வேண்டியதில்லை. ஜனவரி 15 காலை 5.00 மணி இப்படி 61054, 84600 நொடி என்று வரும். சரிபார்க்க நல்ல எண் அது.

பழைய தேதிகளில் 19800 என்பதே மாறும். 1942 செப்டம்பர் முதல் 1945 அக்டோபர் நடு வரை, யுத்த காலத்தில், கடிகாரம் ஒரு மணி முன்னே ஓடியது. அப்போது கழிக்கவேண்டியது 23400. தாத்தாவின் பிறந்த நேரத்தை வைத்து லக்னம் போடுபவர்கள் இதைத் தவறவிட்டால் ராசியே மாறலாம். ராயபுரத்திலிருந்து 1856-ல் முதல் ரயில் கிளம்பியபோது ஐஎஸ்டி (இந்தியப் பொது நேரம்) என்ற பேச்சே கிடையாது. மெட்ராஸ் டைம் கிரீன்விச்சுக்கு 5 மணி 21 நிமிடச் சொச்சம் முன்னால் இருந்தது. எம்ஜேடியின் பலவீனமும் இங்கேதான்: அது 1858 நவம்பர் 17-ல் தொடங்குவதால் அதற்கு முந்தையவை எதிர்மறை. 1856 ஜூலை 1 என்பது −869. கிழமைக்கு ஏழால் வகுத்தால் (மீதி பூஜ்யம் என்றால் புதன்) சி மொழி மீதியை −1 என்று தரும். ஏழு கூட்டினால்தான் 6, செவ்வாய். இன்னும் பின்னே போனால், ஆங்கிலேயர் 1752 செப்டம்பர் 2-க்கு மறுநாளை 14 என்று வைத்தார்கள். அதற்கு முந்தைய புனித ஜார்ஜ் கோட்டைப் பதிவுகளுக்கு, மேலே சொன்ன வாய்பாட்டில் 100, 400 வகுத்தலை நீக்கி, 32045-க்குப் பதில் 32083 கழிக்க வேண்டும்.

யூனிக்ஸ் நொடி ஏற்கெனவே கையில் இருந்தால் 86400-ஆல் வகுத்து ஈவுடன் 40587 கூட்டுங்கள், மீதி அன்றைய நொடி. எக்செலில் தேதி எண்ணுடன் 15018 கூட்டினால் எம்ஜேடி. 1900 மார்ச்சுக்கு முன் எக்செலை நம்ப வேண்டாம், இல்லாத பிப்ரவரி 29 ஒன்றை அது எண்ணுகிறது.

கலி தினம் அழகான எண்ணிக்கை. தேதிக்குரிய எண்ணை ஏழால் வகுத்து மீதி பூஜ்யம் என்றால் வெள்ளி. 1872590-க்கு மீதி 6, வியாழன். வாக்கியக் கணிதத்தில் (பழைய பஞ்சாங்கக் கணக்கு முறை) சந்திரனுக்கான 248 நாள் சுற்று இந்த எண்ணில்தான் ஏறி உட்காரும். எம்ஜேடியிலிருந்து அங்கே போக 1811535 கூட்டினால் போதும். உதயத்தில் நாள் மாறுவதால் ஊருக்கு ஊர், பருவத்துக்குப் பருவம் எல்லை நகர்கிறது. கருவிப் பதிவுக்கு அது ஒத்துவராது என்பது என் கணிப்பு. பஞ்சாங்கத்துக்கு வெளியே அதை ஓட்டிய அனுபவம் குறைவு என்பதால் அதற்கு மேல் அழுத்திச் சொல்லமாட்டேன்.

சந்திரன் இருப்பிடம் கணக்கிடுபவர்களுக்கு இன்னும் ஒன்று. வானியல் வாய்பாடுகள் கேட்பது உலக நேரத்தை அல்ல, அதைவிட 69.184 நொடி முன்னே இருக்கும் புவிசார் நேரத்தை. இது 2017 முதல் மாறாமல் இருக்கும் அளவு. விட்டுவிட்டால் சந்திரன் சுமார் 38 விகலை (ஒரு பாகையில் 3600 விகலை) பின்தங்கும். அதை நொடி எண்ணில் கூட்டுங்கள், ஆனால் சேமிக்கும் பதிவில் கூட்டாதீர்கள். பதிவு உலக நேரத்திலேயே இருக்கட்டும், அடுத்த லீப் நொடி (உலக நேரத்தில் எப்போதாவது சேர்க்கும் கூடுதல் நொடி) வந்தால் திருத்த வழியிருக்கும்.