பழைய கணினிகளில் ஃபயர்ஃபாக்ஸ்: தண்டையார்பேட்டை ஜெராக்ஸ் கடையிலிருந்து ஒரு மதிப்பீடு

தண்டையார்பேட்டையில் உள்ள எங்கள் ஜெராக்ஸ் கடையில் 4 ஜிபி ரேம் கொண்ட இரண்டு பழைய கணினிகள் உள்ளன. சொத்து வரி, பிறப்புச் சான்றிதழ், வேலை விண்ணப்பம், பயோடேட்டா என எல்லாமே அவற்றில்தான் நடக்கின்றன. முன்பு பயன்படுத்திய வேறோர் உலாவியில் எட்டு டேப்கள் திறந்திருந்தால், முகவரிக் கட்டத்தில் 'கொருக்குப்பேட்டை' என்று தட்டி முடித்த பிறகுதான் முதல் எழுத்தே திரைக்கு வரும். ஃபயர்ஃபாக்ஸுக்கு மாறி ஓராண்டு கடந்துவிட்டது. இப்போது எழுத்து விரலோடு கூடவே வருகிறது.

இந்த வேகத்தில் அதன் ஜாவாஸ்கிரிப்ட் எஞ்சினான (இணையப் பக்கங்களை இயங்க வைக்கும் ஜாவாஸ்கிரிப்ட் நிரலை ஓட்டும் பகுதி) ஸ்பைடர்மங்கிக்குப் பெரும் பங்கு உண்டு. 1995இல் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் பிரெண்டன் ஐக் எழுதிய முதல் ஜாவாஸ்கிரிப்ட் எஞ்சினின் வழிவந்தது இது. பக்கத்தின் நிரலை முதலில் இன்டர்பிரெட்டர், அதாவது நிரலைப் படிப்படியாகப் படித்தபடியே இயக்கும் பகுதி, ஓட்டுகிறது. அடிக்கடி அழைக்கப்படும் ஃபங்ஷன்களை (நிரலின் சிறு துண்டுகளை) மட்டும் கம்பைலர் என்ற பகுதி, பிராசஸர் நேரடியாக வேகமாக ஓட்டக்கூடிய இயந்திர மொழிக்கு மாற்றுகிறது. தொகைக் கட்டத்தில் இதுவரை எண்ணே வந்ததால் இனியும் எண்ணே வரும் என்று நம்பித்தான் அந்த வேகமான வடிவம் உருவாகிறது. 'ரூ.500' என்று எழுத்தும் கலந்து வந்துவிட்டால், அதைக் கைவிட்டு மெதுவான வழிக்குத் திரும்ப வேண்டும்.

இந்த ஊகங்களுக்காக எஞ்சினின் பழைய அமைப்பு, பக்கத்தின் நிரலில் உள்ள எல்லாத் தரவுகளின் வகைகளையும் (எண்ணா, எழுத்தா என்பது போல) ஓயாமல் கணக்கு வைத்துக்கொண்டிருந்தது. பத்து நிமிடம் திறந்து மூடும் பக்கத்துக்கும் அந்தச் செலவு உண்டு. 2020 நவம்பரில் வெளியான ஃபயர்ஃபாக்ஸ் 83இல் வந்த வார்ப் என்ற புதிய அமைப்பு அதைக் கைவிட்டு, நிரல் ஓடும்போது இன்லைன் கேஷ்களில் (அந்தந்த இடத்தில் வந்த வகைகளைக் குறித்துவைக்கும் சிறு பதிவுகளில்) பதிவாகும் தகவலை மட்டுமே கம்பைலருக்குக் கொடுத்தது. கம்பைல் செய்யும் வேலையில் மேலும் ஒரு பகுதியையும் முதன்மைத் திரெட்டிலிருந்து (பக்கத்தின் வேலைகள் வரிசையாக நடக்கும் முக்கியத் தடத்திலிருந்து) வெளியே நகர்த்தியது. தட்டச்சுக்குப் பதில் சொல்ல வேண்டியது முதன்மைத் திரெட்தான் என்பதால், எங்களைப் போன்றவர்களுக்கு இதுவே பெரிய உதவி. கூகுள் டாக்ஸ் திறக்கும் வேகம் 20 சதவீதமும் உலாவியின் வேகத்தை அளக்கும் ஸ்பீடோமீட்டர் சோதனையின் மதிப்பெண் 10 முதல் 12 சதவீதமும் கூடியதாக ஃபயர்ஃபாக்ஸை உருவாக்கும் மொசில்லா அறிவித்தது. ஜாவாஸ்கிரிப்ட் வேகத்தை மட்டும் அளக்கும் ஆக்டேன், கிராக்கன் போன்ற செயற்கைச் சோதனைகளில் வார்ப் சற்றுப் பின்தங்கியதையும் அது மறைக்கவில்லை. என் பார்வையில் அன்றாடப் பக்கங்களின் வேகத்துக்கு முன்னுரிமை தந்தது முற்றிலும் சரியான தேர்வு: ஆக்டேன் மதிப்பெண் பார்க்க யாரும் என் கடைக்கு வருவதில்லை, படிவத்தை நிரப்பிப் பிரின்ட் எடுத்துக்கொண்டு போகவே வருகிறார்கள்.

குறைகளும் உண்டு. பக்கம் திறந்த முதல் சில நொடிகளில் கம்பைலரின் பலன் கிடைப்பதில்லை. பழைய பிராசஸரில் அது நன்றாகவே தெரிகிறது. எஞ்சின் எவ்வளவு வேகமாக இருந்தாலும், படங்கள் நிறைந்த பக்கங்கள் 4 ஜிபி ரேமை விழுங்கிவிடும். ஆகவே, மதிய நெரிசலுக்கு முன் டாஸ்க் மேனேஜரைத் திறந்து, அதிக நினைவகம் பிடித்திருக்கும் டேப்களை ஒவ்வொன்றாக மூடிவிடுகிறேன்.