வீட்டுச் சோப்ப எத வச்சு டெஸ்ட் பண்றது: ஸ்ட்ரிப்பா, நாக்கா, பிங்க் சொட்டா, மீட்டரா?

போன மாசம் கோலாலம்பூர் செந்தூல்ல எங்க ஃப்ளாட்டு கீழ்வீட்டு தங்கச்சி ஒரு சோப்பு கட்டியும் ஒரு பி.எச். ஸ்ட்ரிப்பும் (காரம் எவ்வளவுன்னு நிறத்துல காட்டற தாள்) எடுத்துக்கிட்டு மேல வந்தா. "அக்கா, நானே செஞ்சது, ஸ்ட்ரிப் 9 காட்டுது, அப்ப சேஃப்தானே, பிள்ளைக்கு போடலாமா?"ன்னு கேட்டா. அந்த ஸ்ட்ரிப்ப பாத்துட்டு எனக்கு "போடு"ன்னு சொல்ல வாய் வரல, ஏன்னா அதே வாரம் எங்க வீட்டு மேசைல ஒரு கெட்டுப்போன சோப்பு இருந்துச்சு, அதுக்கும் அந்த ஸ்ட்ரிப் கிட்டத்தட்ட அதே நிறத்தத்தான் காட்டுச்சு.

அது எப்படி கெட்டுச்சுன்னு முதல்ல சொல்லிடறேன், அது தெரிஞ்சாத்தான் மத்தது புரியும். நான் எப்பவும் செய்யற கணக்கு ஒரு கிலோ எண்ணெய்க்கு: 500 கிராம் தேங்கா எண்ணெய், 300 கிராம் செம்பனை எண்ணெய், 200 கிராம் ஆலிவ். ஒரு கிராம் தேங்கா எண்ணெய் முழுசா சோப்பாக 0.183 கிராம் காஸ்டிக் சோடா (எண்ணெய சோப்பாக்கற காரம், சேராம மிச்சம் நின்னா தோல பொசுக்கும்) வேணும், செம்பனைக்கு 0.141, ஆலிவுக்கு 0.134. பெருக்கி கூட்டினா 160.6 கிராம். அதுல நூத்துக்கு அஞ்சு குறைச்சு 152.6 கிராம்தான் போடுவேன், கொஞ்சம் எண்ணெய் மிச்சம் நிக்கட்டும்னு, அதத்தான் சூப்பர்ஃபேட்னு சொல்றாங்க. அன்னைக்கு தேங்கா எண்ணெய் டின் காலி. ரெண்டரை வெள்ளி பாக்கெட் எண்ணெய் இருந்துச்சு, அதுவும் செம்பனைதான், எண்ணெய்க்கு எண்ணெய்னு 500 கிராம் அத ஊத்திட்டேன், காஸ்டிக்க மட்டும் மாத்தல. அந்தக் கலவைக்கு மொத்தமே 139.6 கிராம்தான் வேணும். ஆக 13 கிராம் காஸ்டிக் எந்த எண்ணெயும் கிடைக்காம சோப்புக்குள்ளயே உக்காந்துக்கிச்சு. வெளிய பாக்க அழகான வெள்ளைக் கட்டி, வாசனையும் குறையில்ல. நல்ல சோப்பு ஒண்ணு, இது ஒண்ணு, ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சு நாலு விதமா டெஸ்ட் பண்ணி பாத்தேன்.

மொதல்ல ஸ்ட்ரிப், எல்லாரும் வாங்கறது அதுதான், பத்து வெள்ளிக்குள்ள ஒரு புத்தகம் கிடைக்கும். நுரைய தொட்டு வச்சேன், நல்லது 9, கெட்டது 10 மாதிரி. மாதிரின்னுதான் சொல்ல முடியும், ட்யூப் லைட்டுக்கு கீழ அந்த ரெண்டு பச்சைக்கும் வித்தியாசம் பாக்கவே கண்ணு வலிக்குது. இன்னொரு பெரிய சிக்கல் இருக்கு. சோப்புங்கறதே காரத்தன்மை உள்ள பொருள், ஒழுங்கா செஞ்ச சோப்பும் 9லேர்ந்து 10.5 வரைக்கும் காட்டும். அப்ப 9 வந்தா அது "சோப்பு"ன்னு சொல்லுது, "மிச்ச காஸ்டிக் இல்ல"ன்னு சொல்லல. அதுமேல நுரைல இருக்கற சோப்பு அந்த ஸ்ட்ரிப் சாயத்தோட விளையாடி எண்ண கம்மியா காட்டிடும். 7 வந்தாத்தான் நல்ல சோப்புன்னு சிலர் எலுமிச்சம்பழச் சாறு ஊத்தறாங்க, தயவுசெஞ்சு வேணாம், அந்த அளவுக்கு எறக்கினா சோப்பே திரும்ப கொழுப்பா பிரிஞ்சிடும்.

அடுத்தது நாக்கு. கேட்டவுடனே முகம் சுளிப்பாங்க. ஆனா பழைய சோப்புக்காரங்க இதத்தான் நம்பறாங்க, நானும் நம்பறேன். கட்டிய நேரா நக்கக் கூடாது. சோப்பு ஊத்தி ரெண்டு நாள் ஆகட்டும், விரல லேசா நனைச்சு கட்டிமேல ரெண்டு தேய் தேய்ச்சு அந்த விரல நாக்கு நுனில ஒரு தொடு, அவ்வளவுதான். நல்ல சோப்பு வெறும் சோப்பு ருசி, கசக்கும், துப்பிட்டு வாய் கொப்புளிச்சா முடிஞ்சது. மிச்ச காஸ்டிக் இருந்தா சுரீர்னு இழுக்கும், சின்ன வயசுல சதுர பேட்டரிய நாக்குல வச்சு பாத்திருப்பீங்களே, அதே இழுப்பு. அந்த வெள்ளைக் கட்டில எனக்கு அது விரல் பட்ட உடனே வந்துச்சு, யோசிக்கவே வேண்டியதில்ல, நாக்கு தானா உள்ள போயிடுச்சு. ஸ்ட்ரிப்பு சொல்லாதத ஒரு நொடில சொல்லிடுச்சு.

ஆனா இதுக்கும் எல்லை உண்டு. காஸ்டிக் எல்லா இடத்துலயும் ஒரே மாதிரி பரவியிருக்காது, கட்டிக்கு நடுவுல தேங்கியிருக்கலாம், அதனால வெளிப்பக்கம் மட்டும் பாக்காம குறுக்க வெட்டி நடுவுலயும் ஓரத்துலயும் ரெண்டு மூணு இடம் பாக்கணும். கட்டிலேர்ந்து தண்ணி மாதிரி கசிஞ்சாலோ உள்ள வெள்ளையா கல் கல்லா தெரிஞ்சாலோ நாக்க கிட்ட கொண்டுபோகாதீங்க, அது காஸ்டிக்காவே இருக்கலாம், கையுறை போட்டுத்தான் தொடணும். கைல பட்டுட்டா வினிகர தேடி ஓடாதீங்க, குழாய் தண்ணிதான், நிறைய நேரம்.

மூணாவது ஃபீனால்ஃப்தலின், பிங்க் சொட்டுன்னு வச்சுக்குங்க, ஃபார்ம் 4, 5ல கெமிஸ்ட்ரி எடுத்தவங்க டைட்ரேஷன்ல பாத்திருப்பீங்க. நிறமில்லாத சொட்டு, பி.எச். 8.2 தாண்டினா பிங்க் ஆகும். இங்கதான் நிறைய பேரு ஏமாந்து போறாங்க. ஈரமான கட்டிமேல சொட்டு விட்டா நல்ல சோப்பும் பிங்க் ஆகும், ஏன்னா சோப்புத் தண்ணியே 9க்கு மேல. நல்ல சோப்ப எல்லாம் கெட்டதுன்னு குப்பைல போட்டவங்கள எனக்குத் தெரியும், அவ்வளவு உழைப்பும் போச்சு. சரியான முறை ஆல்கஹால்ல பாக்கறது. கொஞ்சம் சோப்ப சீவி, தண்ணி கலப்பு கம்மியா உள்ள ஆல்கஹால்ல, வெந்நீர் கிண்ணத்துல வச்சு லேசா சூடு காட்டி கரைச்சு (அடுப்ப அணைச்சுட்டு, நெருப்பு கிட்டவே கூடாது) அதுல ரெண்டு சொட்டு. ஆல்கஹால்ல சோப்பு தன்னோட காரத்த வெளிய விடாது, அதனால பிங்க் வந்தா அது மிச்ச காஸ்டிக்தான். என் நல்ல சோப்பு தண்ணி மாதிரியே நின்னுச்சு, கெட்டது காகிதப்பூ மாதிரி அடர் பிங்க். கை தொடைக்கற 70 சதவீத ஆல்கஹால் இதுக்கு ஆகாது, தண்ணி ஜாஸ்தி. லேப்ல பாக்கறதும் இதே வழிதான், அவங்க அதுக்கு மேல அமிலம் சொட்டு சொட்டா விட்டு பிங்க் எப்ப மறையுதுன்னு பாத்து சதவீதமே சொல்லிடுவாங்க.

இந்தச் சொட்ட நாக்குல படவிடாதீங்க. ஒரு காலத்துல பேதி மாத்திரைல இதத்தான் போட்டாங்க, புற்றுநோய் சந்தேகம் வந்ததும் பல நாடுகள்ல எடுத்துட்டாங்க. சொட்டு பட்ட துண்ட தூக்கிப் போட்டுடணும்.

நாலாவது பி.எச். மீட்டர், அத பத்தி அதிகம் பேச ஒண்ணுமில்ல. 1 கிராம் சோப்பு 99 கிராம் காய்ச்சி வடிச்ச தண்ணி, கரைச்சு ஆறவிட்டு பாத்தா நல்லது 9.9, கெட்டது 11.2, தெளிவா பிரிச்சு காட்டிடுச்சு. ஆனா ஒவ்வொரு தடவையும் பி.எச். முன்னாடியே தெரிஞ்ச பஃபர் தண்ணில சரிபார்த்து, முனைய கழுவி, காயவிடாம மூடி வைக்கணும். நான் ஒரு மாசம் டிராயர்ல போட்டு வச்சு எடுத்தப்ப 9.18 பஃபருக்கு 8.4 காட்டுச்சு. பராமரிக்க முடியாதவங்க கைல மீட்டர் இருக்கறது ரொம்ப ஆபத்து, ஏன்னா புள்ளி வச்ச எண்ண எல்லாரும் நம்பிடுவாங்க.

கண்ணால பாத்து தீர்ப்பு சொல்றவங்களும் இருக்காங்க, மேல வெள்ளப் பொடி படிஞ்சா காஸ்டிக்னு. பெரும்பாலும் அது சோடியம் கார்பனேட், காத்துல இருக்கற கரியமில வாயு பட்டு வர்றது, துடைச்சா போயிடும். நம்ம கேஎல் ஈரக்காத்துல கட்டி வியர்க்கறதும் அப்படித்தான், கிளிசரின் காத்துலேர்ந்து தண்ணிய இழுக்குது. சந்தேகமா இருந்தா ஆல்கஹால்ல பிங்க் சொட்டு இருக்கு. "ஆறு வாரம் வச்சா எல்லாம் சரியாயிடும்"னு சொல்றது முழு உண்மையில்ல, அந்த ஆறு வாரத்துல தண்ணி வத்தும், கட்டி இறுகும், ஆனா எண்ணெய விட காஸ்டிக் ஜாஸ்தியா போட்டிருந்தா அத முழுங்க உள்ள எண்ணெய் ஏது?

என் தேர்வு கேட்டீங்கன்னா, வீட்டுக்கு மட்டும் செய்யறவங்க ஸ்ட்ரிப்புக்கு காசு செலவழிக்காதீங்க. கணக்க தாள்ல எழுதி வச்சு, எண்ணெய மாத்தினா காஸ்டிக்க திரும்ப கணக்கு போட்டு, கடைசில நாக்கு. தராசு பேட்டரிய அடிக்கடி மாத்துங்க. அடுத்தவங்களுக்கு குடுக்கறவங்க ஆல்கஹால்ல பிங்க் சொட்டு, ஒவ்வொரு ஊத்துக்கும். பழைய பொரிச்ச எண்ணெய்ல செய்யறவங்களுக்கு எந்த எண்ணெய் எவ்வளவுன்னு கணக்கே நிக்காது, அதனால அந்த சோப்ப டெஸ்ட்ல பாஸானாலும் பாத்திரத்துக்கும் துணிக்கும் மட்டும் வைங்க. விக்கறதா இருந்தா பெட்டாலிங் ஜெயால இருக்கற தேசிய மருந்து ஒழுங்குமுறை நிறுவனத்துல அழகுப்பொருள்னு அறிவிச்சு நம்பர் வாங்கணும், மேசைமேல பண்ற எந்த டெஸ்டும் அதுக்கு ஈடாகாது.

கீழ்வீட்டு தங்கச்சியோட சோப்புக் கட்டிய வெட்டி நாக்குல பாத்தோம், நடுவுலயும் இழுக்கல. காஸ்டிக் மிச்சமில்ல. ஆனா அவ அதுல லவங்கப்பட்டை எண்ணெய் ஊத்தியிருந்தா, பெரியவங்க தோலையே அது எரிச்சப்படுத்தும், அத நாக்கும் சொல்லாது சொட்டும் சொல்லாது. பிள்ளைக்கு ஏற்கனவே முழங்கை மடிப்புல எக்ஸிமா. நம்ம தோல் பி.எச். 5 பக்கம், சோப்பு எவ்வளவு நல்லதா இருந்தாலும் 9க்கு மேல. "பிள்ளைக்கு வேணாம்மா, நீ வேணா மொதல்ல கைல கொஞ்சமா போட்டு ஒரு நாள் பாரு"ன்னு சொல்லி அனுப்பினேன். கோவப்படல, ஆனா முகம் வாடிப்போச்சு, ராத்திரி முழிச்சு பிள்ளைக்குன்னே செஞ்சிருக்கா.

என் கெட்ட கட்டிகள கையுறையோட துருவி, காஸ்டிக் அலுமினியத்த அரிச்சிடும்னு எவர்சில்வர் சட்டில போட்டு, கொஞ்சம் தண்ணியோட 150 கிராம் செம்பனை எண்ணெய் சேத்து மெல்ல உருக்கினேன். 13 கிராம் காஸ்டிக்க முழுங்க 92 கிராம் போதும், மீதி பழைய அஞ்சு சதவீதத்துக்கு. மறுபடி ரெண்டு நாள் கழிச்சு வெட்டி மூணு இடத்துல பாத்தேன், இழுக்கல. சொட்டும் விட்டு பாத்தேன், தண்ணி நிறம். சொரசொரப்பா அழகில்லாமத்தான் இருக்கு, துணி அலச வச்சிருக்கேன்.