பல் பார்க்கப் போன இடத்தில் ஓ.டி.பி. கேட்டால் உஷார்

ஞாயிற்றுக்கிழமையும் உண்டு, இரவு பத்து மணி வரை டாக்டர் இருப்பார், எல்லாச் சிகிச்சையும் ஒரே கூரையின் கீழ் என்று பலகை வைத்த பல் கிளினிக்குகள் சென்னைப் புறநகரில் தெருவுக்குத் தெரு வந்துவிட்டன. வாரத்தில் ஆறு நாள் வேலை, நீளமான ஷிஃப்ட், பள்ளிக்கூடம் போகிற இரண்டு பிள்ளைகள், சர்க்கரை உள்ள அம்மா என்று ஓடிக்கொண்டிருக்கும் என்னைப் போன்ற ஆட்களுக்காகவே வைத்த பலகை அது. ஒரகடத்தில் ஒரு தொழிற்சாலையில் வேலை. மாதக் கடைசியில் லீவு என்று வாயைத் திறக்க முடியாது. மேல்வரிசைக் கடைவாய்ப் பல் தூங்கவிடாமல் வலித்ததால் அப்படிப்பட்ட ஒரு கிளினிக்குக்குப் போனேன்.

செக்கப் இலவசம். முழு வாய்க்கும் ஒரு பெரிய எக்ஸ்ரே எடுத்துத் திரையில் போட்டார்கள். டாக்டர் மவுஸை நகர்த்திச் சிவப்பு வட்டம் போட்டுக்கொண்டே போனார். வலிக்கிறது என்று நான் காட்டியது ஒரு பல், வட்டம் விழுந்தது நாலு பல்லில். நாலுக்கும் ரூட் கேனல், அதாவது வேருக்குள் நரம்பு ஓடும் கால்வாயைச் சுத்தம் செய்து அடைப்பது, மேலே மூட நாலு ஜிர்கோனியா கேப், கூடவே ஈறு சுத்தம், மொத்தம் 86,000 ரூபாய். ஒரு பல்லையாவது தட்டிப் பார்க்கவில்லை, குளிர்ச்சி வைத்தும் பார்க்கவில்லை. நரம்பு உயிரோடு இருக்கிறதா என்பதை அந்தப் பெரிய படம் மட்டும் சொல்லாது என்று பிற்பாடுதான் தெரிந்தது.

வாய் மரத்துப்போக ஊசி போட்டு உட்காரவைத்திருந்தபோது வரவேற்பில் இருந்த பெண் வந்தார். "சார், ரிஜிஸ்ட்ரேஷனுக்கு ஆதார், பான் வேணும். ஒரு செல்ஃபி எடுத்துக்கறேன். ஓ.டி.பி. வரும், சொல்லிடுங்க." பணத்தைத் தவணையாகத் தரலாம் என்றார்களே தவிர, கடன் என்ற வார்த்தையே வரவில்லை. அன்றிரவு என் மனைவிதான் குறுஞ்செய்தியைப் படித்துவிட்டு, "என்னங்க, உங்க பேர்ல லோன் போட்டிருக்காங்க" என்றாள். பெயரே கேள்விப்படாத ஒரு நிதி நிறுவனம், 86,000 ரூபாய், 12 தவணை. பணம் முழுக்க கிளினிக் கணக்குக்குப் போய்விட்டது. நடந்ததோ ஒரு பல்லில் பாதி வேலை.

மறுநாள் கேட்டதற்கு, "பேக்கேஜ் சார், கேன்சல் பண்ண முடியாது" என்றார்கள். ஒவ்வொரு தடவையும் வேறு டாக்டர், முந்தினவர் என்ன செய்தார் என்று என்னிடமே கேட்பார். ரூட் கேனல் முடிந்த பிறகு எக்ஸ்ரே எடுக்காமலே கேப் மாட்டிவிட்டார்கள். சில வாரத்தில் ஈறோரம் கறுப்புக் கோடு தெரிந்தது. ஜிர்கோனியா என்றால் உள்ளே வரைக்கும் வெள்ளை, அடியில் உலோகம் இருக்காது. கேப் செய்யும் லேப் தரும் வாரண்டி அட்டையைக் கேட்டால் இன்று நாளை என்று இழுத்தார்கள். கடித்தால் வலி அப்படியே இருந்தது. கடைசியில் கன்னம் வீங்கிவிட்டது, அதுவும் எங்கள் ஆடிட் வாரத்தில்.

சம்பளத்தைப் பிடித்தாலும் பரவாயில்லை என்று கோட்டை ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் இருக்கும் அரசு பல் மருத்துவக் கல்லூரிக்குப் போனேன். காத்திருக்கத்தான் வேண்டும், மறுக்கவில்லை. ஆனால் அங்கே ஒரு முதுநிலை மாணவி வாய்க்குள் பார்க்கும் சின்ன முகக் கண்ணாடியின் பிடியால் ஒவ்வொரு பல்லாகத் தட்டினார், குளிரூட்டிய பஞ்சை வைத்து "எப்ப கூசுது, எப்ப நிக்குது" என்று கேட்டுக் குறித்துக்கொண்டார், அப்புறம்தான் அந்தப் பல்லுக்கு மட்டும் சின்ன எக்ஸ்ரே எடுத்தார். மேல் முதல் கடைவாய்ப் பல்லுக்கு மூன்று வேர். அதில் ஒரு வேருக்குள் பெரும்பாலும் இரண்டு கால்வாய் இருக்குமாம். என் பல்லில் அந்த நாலாவது கால்வாயைத் தொடவே இல்லை. கேப்புக்குள்ளே உலோகம். வட்டம் போட்ட மற்ற மூன்றில் இரண்டுக்குச் சாதாரண அடைப்பு போதும், ஒன்றில் ஒன்றுமே இல்லை.

இப்போது ரீ-ரூட் கேனல் நடக்கிறது. தவணையையும் கட்டிக்கொண்டுதான் இருக்கிறேன், நிறுத்தினால் அடுத்த கடனுக்கு வங்கி பார்க்கும் சிபில் ஸ்கோர் அடிவாங்கும். இதே வலையில் விழுந்தவர்கள் அன்றைக்கே நிதி நிறுவனத்துக்கு மெயில் போடுங்கள். ஆப் வழியாகத் தரும் கடனில், குறிப்பிட்ட அவகாசத்துக்குள் அபராதமில்லாமல் வெளியேற வழி தரவேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. கடன் விவரத் தாளில் அந்த அவகாசம் இருக்கும். எக்ஸ்ரே படங்களையும் சிகிச்சைக் குறிப்பையும் கேட்டு வாங்கிவிடுங்கள், ரசீதில் "டென்டல் பேக்கேஜ்" என்று மொட்டையாக எழுதவிடாதீர்கள். பல் எண், கேப் வகை எல்லாம் அதில் இருக்கவேண்டும்.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. காசு கொடுத்துப் பெறும் மருத்துவம் நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று உச்ச நீதிமன்றம் 1995-லேயே சொல்லிவிட்டது. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு வருடத்துக்குள் மனு போடலாம், சிகிச்சைக்குக் கொடுத்த தொகை ஐந்து லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது. மனு தயாராகிறது என்று தெரிந்ததும் கிளினிக்கிலிருந்து போன் வந்தது. பாதிப் பணம் தருகிறார்களாம், "சிகிச்சையில் திருப்தி" என்று ஒரு தாளில் மட்டும் கையெழுத்து வேண்டுமாம். போடவில்லை.