டிக்கன்ஸின் வாழ்க்கையை ஆங்கிலத்தில் சொல்ல ஆக்ஸ்போர்டு கற்போர் அகராதி போதுமா?

புகழ்பெற்ற எழுத்தாளர் ஒருவரின் வாழ்க்கையைப் பற்றி ஆங்கிலத்தில் இரண்டு நிமிடம் பேசச் சொன்னால், நம் பட்டதாரிகளில் பலர் பிறந்த ஊரையும் ஆண்டையும் சொல்லிவிட்டு அங்கேயே நின்றுவிடுகிறார்கள். ‘ஆத்தர்’, ‘நாவல்’, ‘ஃபேமஸ்’ எல்லாம் பள்ளியிலேயே படித்த சொற்கள்தான். எந்தச் சொல்லோடு எந்தச் சொல் சேரும், இடையில் எந்த முன்னிடைச் சொல் வரும் என்பதில்தான் நாக்கு தடுமாறுகிறது. இந்தத் தடுமாற்றத்துக்கு எவ்வளவு தூரம் உதவும் என்ற ஒரே நோக்கில், ‘ஆக்ஸ்போர்டு அட்வான்ஸ்டு லேர்னர்ஸ் டிக்‌ஷனரி’யின் இலவச இணையப் பதிப்பை இங்கே மதிப்பிடுகிறேன். உரைகல்லாக எடுத்துக்கொண்டது சார்லஸ் டிக்கன்ஸின் வாழ்க்கை. வறுமை, கடன் சிறை, தொழிற்சாலை வேலை, நிருபர் பணி, புனைபெயர், தொடர்கதை, பெரும்புகழ், மணமுறிவு, விபத்து, முடிக்கப்படாத நாவல் என்று ஓர் எழுத்தாளரைப் பற்றிச் சொல்ல வேண்டியவை அனைத்தும் அவர் ஒருவரிடமே இருக்கின்றன.

பிள்ளைப் பருவத்திலிருந்து தொடங்கலாம். 1812 பிப்ரவரி 7 அன்று போர்ட்ஸ்மத்தில் பிறந்த டிக்கன்ஸ், சிறு வயதில் சில ஆண்டுகளைக் கென்ட் பகுதியிலுள்ள சாத்தம் நகரில் கழித்தார். இதைச் சொல்லும்போது நம்மவர்கள் ‘ஹி வாஸ் க்ரோன் அப்’ என்று தொடங்குவது வழக்கம். அகராதியில் ‘க்ரோ அப்’ செயப்படுபொருள் குன்றிய வினையாகவும், ‘பிரிங் அப்’ செயப்படுபொருள் ஏற்கும் வினையாகவும் குறிக்கப்பட்டிருப்பதைக் கவனித்தால் சிக்கல் அவிழ்ந்துவிடும். வளர்ந்தார், வளர்க்கப்பட்டார் என்ற வேறுபாடு நமக்கு இலக்கண வகுப்பில் தன்வினை பிறவினையாகப் பழகியதுதான்; ஆகவே ‘ஹி க்ரூ அப்’ அல்லது ‘ஹி வாஸ் ப்ராட் அப்’, இரண்டில் ஒன்றுதான் சரி. வினைச்சொல்லின் அருகே சிறிய எழுத்தில் நிற்கும் இந்தக் குறிப்புகளைப் பெரும்பாலோர் பார்ப்பதே இல்லை. என்னைக் கேட்டால், இந்த அகராதியில் பொருள் விளக்கத்தைவிட மதிப்பு மிக்க பகுதி அதுதான். இதற்கு வரலாற்றுக் காரணமும் உண்டு. ஜப்பானில் ஆங்கிலம் கற்பித்த ஏ. எஸ். ஹார்ன்பி, வினைச்சொற்கள் வாக்கியத்தில் எந்த அமைப்பில் வருகின்றன என்பதையே மையமாக வைத்து, இரு துணையாசிரியர்களோடு சேர்ந்து தொகுத்த நூல் இது. 1942இல் டோக்கியோவில் வெளிவந்து, 1948இல் ஆக்ஸ்போர்டு பதிப்பாக மறுபிறவி எடுத்தது. பத்தாம் பதிப்பு 2020இல் வந்தது. அன்றைய அக்கறை இன்றும் தொடர்கிறது.

அடுத்தது கடன். கடற்படைச் சம்பள அலுவலகத்தில் எழுத்தராக இருந்த தந்தை ஜான் டிக்கன்ஸ், 40 பவுண்டு 10 ஷில்லிங் கடனுக்காக 1824இல் கைதாகி, லண்டன் சதக் பகுதியில் இருந்த மார்ஷல்சி சிறையில் அடைக்கப்பட்டார். பன்னிரண்டு வயதுச் சிறுவன் காலணி மை தயாரிக்கும் இடத்தில் புட்டிகளுக்குச் சீட்டு ஒட்டினான். தொடக்கத்தில் வாரக்கூலி ஆறு ஷில்லிங். இங்கே அகராதியின் ஒலிப்பொத்தான் கைகொடுக்கிறது. கடனைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லையும் இறந்துபோனதைக் குறிக்கும் சொல்லையும் தமிழில் எழுதினால் இரண்டும் ‘டெட்’ என்றே வரும். முன்னதில் எழுத்தில் நிற்கும் ‘பி’ ஒலிப்பதில்லை, இறுதி ஒலி வல்லோசை. பின்னதில் இறுதி ஒலி மெல்ல அதிர்கிறது. பிரிட்டிஷ், அமெரிக்க உச்சரிப்புகளுக்குத் தனித்தனிப் பொத்தான்கள் இருப்பதால் இரண்டையும் மாற்றி மாற்றிக் கேட்டுப் பழகலாம். இல்லையென்றால் கடனில் மூழ்கிய தகப்பனார் கேட்பவர் காதில் காலமாகிவிடுவார். ‘ஷில்லிங்’ என்ற சொல்லையும் அகராதி கைவிடவில்லை. ஒரு பவுண்டுக்கு இருபது ஷில்லிங், 1971 வரை புழக்கத்தில் இருந்தது என்ற தகவல் அதே பக்கத்தில் கிடைக்கிறது. அந்தக் கணக்கை வைத்துப் பார்த்தால் தந்தையின் கடன் 810 ஷில்லிங். மகன் ஒரு காசும் செலவழிக்காமல் 135 வாரம் உழைத்திருந்தால்தான் அது தீர்ந்திருக்கும்.

எழுத்து வாழ்க்கைக்கு வரும்போதுதான் அகராதி தன் முழு பலத்தையும் காட்டுகிறது. டிக்கன்ஸின் முதல் கதை 1833இல் ஒரு மாத இதழில் வந்தது. பிறகு ‘பாஸ்’ என்ற புனைபெயரில் எழுதினார். ‘பெயரில்’ என்று நாம் சொல்வதால் ஆங்கிலத்திலும் ‘இன்’ போடத் தோன்றும். ‘சூடோனிம்’ என்ற பதிவின் எடுத்துக்காட்டோ ‘அண்டர்’ என்று காட்டுகிறது. புனைபெயர் என்றால் அதற்குக் கீழே நின்றுதான் ஆங்கிலத்தில் எழுத வேண்டும். ‘லிட்ரச்சர்’ என்ற பதிவுக்குள் ‘காலக்கேஷன்ஸ்’ என்ற பெயரில், அதாவது சொல்லிணைகளுக்கென்று, ஒரு தனிப் பெட்டி இருக்கிறது. நாவலாசிரியர் ஆவது, பதிப்பாளரைக் கண்டடைவது, கையெழுத்துப் படியைத் திருத்துவது, நூலை ஒருவருக்குக் காணிக்கையாக்குவது, பாத்திரத்தைச் சித்திரிப்பது, வாசகரின் கற்பனையைக் கவர்வது ஆகிய ஒவ்வொன்றுக்கும் பொருந்தும் வினையும் பெயரும் அங்கே கோக்கப்பட்டிருக்கின்றன. ஒரு மாணவர் இந்த ஒரு பெட்டியைப் படித்துத் தன் வாயில் ஏற்றிக்கொண்டாலே பேச்சின் பாதி நிரம்பிவிடும். இவ்வளவு நல்ல பெட்டியை யார் ‘லிட்ரச்சர்’ என்று தேடிப் போய்க் கண்டுபிடிப்பார்கள் என்பதுதான் என் கவலை.

தொடர்கதை பற்றிய சொற்களைச் சற்று நின்று பார்க்க வேண்டும். வார இதழ்களில் தொடர்கதை படித்து வளர்ந்த தமிழ் வாசகருக்கு இந்த வழக்கம் புதிதல்ல. ஆனால் ‘இன்ஸ்டால்மென்ட்’ என்றதும் நினைவுக்கு வருவது வங்கித் தவணைதான். பணத் தவணை, கதைத் தவணை ஆகிய இரண்டு பொருளையும் அகராதி எண்ணிட்டுப் பிரித்து வைத்திருக்கிறது. ‘சீரியலைஸ்’ என்ற வினை, எடுத்துக்காட்டு வாக்கியத்தில் செயப்பாட்டு வினையாகவே வருகிறது. நாவல் தானாக ‘சீரியலைஸ்’ ஆவதில்லை, ஆக்கப்படுகிறது. இவ்வளவும் சரி. ஆனால் டிக்கன்ஸைப் பற்றிப் பேசுபவருக்கு இன்னொரு நுட்பமும் தேவை. அநாதைச் சிறுவன் ஆலிவரின் கதை 1837 முதல் 1839 வரை ஒரு மாத இதழில் தொடராக வந்தது. அவரைப் புகழின் உச்சிக்குக் கொண்டுபோன ‘பிக்விக் பேப்பர்ஸ்’ நாவலோ எந்த இதழிலும் வரவில்லை. 1836 ஏப்ரல் முதல் 1837 நவம்பர் வரை, மாதம் ஒரு ஷில்லிங் விலையில், தனித்தனிச் சிறு புத்தகங்களாக விற்றது. முன்னதற்கு இதழின் பெயரோடு ‘சீரியலைஸ்டு இன்’ பொருந்தும். பின்னதற்கு ‘பப்ளிஷ்டு இன் மன்த்லி பார்ட்ஸ்’ என்பதே துல்லியம். இந்த வேறுபாட்டை எந்தக் கற்போர் அகராதியிடமும் எதிர்பார்க்க முடியாது. எழுத்தாளரின் வாழ்க்கை வரலாற்றைத் தனியே படித்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

குடும்ப வாழ்க்கையைச் சொல்லவும் அகராதி நன்றாகவே உதவுகிறது. 1836 ஏப்ரல் 2 அன்று கேத்தரின் ஹோகார்த்தை மணந்தார். ‘கேத்தரினுடன் திருமணம் நடந்தது’ என்று மனத்தில் ஓடும் தமிழ், ‘மேரீட் வித்’ என்று வெளியே வந்துவிடும். ‘மேரி’ என்ற வினைக்குப் பின் ஆளின் பெயர் நேரடியாக வருவதை எடுத்துக்காட்டுகள் தெளிவாகக் காட்டுகின்றன. பத்துப் பிள்ளைகளுக்குப் பின் 1858இல் இருவரும் பிரிந்தனர், விவாகரத்து நடக்கவில்லை. ‘செபரேட்’, ‘டிவோர்ஸ்’ ஆகிய இரு பதிவுகளையும் அடுத்தடுத்துப் படித்தவர், சட்டப்படி முறிந்த மணத்துக்கும் சேர்ந்து வாழ்வதை நிறுத்திக்கொண்டதற்கும் உள்ள இடைவெளியைக் குழப்பிக்கொள்ள மாட்டார்.

விபத்துக்கும் இறப்புக்கும் உரிய சொற்களில் இரண்டைக் குறிப்பிட்டாக வேண்டும். 1865 ஜூன் 9 அன்று ஸ்டேபிள்ஹர்ஸ்ட்டில் நடந்த ரயில் விபத்தில் டிக்கன்ஸ் உயிர் தப்பினார். ‘சர்வைவ்’ என்ற வினைக்குப் பின் ‘ஃப்ரம்’ வராது. விபத்து நேரடிச் செயப்படுபொருளாக நிற்கும். சரியாக ஐந்து ஆண்டு கழித்து, 1870இல் அதே தேதியில், பக்கவாதத்தால் இறந்தார், வயது 58. நோயின் பெயருக்கு முன் ‘டை ஆஃப்’ என்ற இணையைப் பழகிக்கொள்ளலாம். இறப்புக்குப் பின் வெளியான எழுத்தைக் குறிக்கும் சொல்லின் எழுத்தமைப்பைப் பார்த்து நம்மில் பலர் ‘போஸ்ட் ஹியூமஸ்’ என்று இரண்டாகப் பிளந்து சொல்கிறோம். பொத்தானை அழுத்தினால் ‘பாஸ்ச்சமஸ்’ என்பதற்கு நெருக்கமாக, முதல் அசையில் அழுத்தத்தோடு கேட்கிறது. பன்னிரண்டு பகுதிகளாகத் திட்டமிட்டு ஆறோடு நின்றுபோன கடைசி நாவலைப் பற்றிப் பேச இந்தச் சொல் இல்லாமல் முடியாது. ‘டிக்கன்ஸியன்’ என்ற பெயரடையும் அவர் படைத்த ‘ஸ்க்ரூஜ்’ என்ற கஞ்சனும் தனிப் பதிவுகளாகவே இருப்பது, ஓர் எழுத்தாளரின் தாக்கத்தைப் பற்றி இரண்டு வாக்கியம் கூடுதலாகப் பேச வழி செய்கிறது.

குறைகளுக்கு வருகிறேன். ஆங்கிலத்துக்கு ஆங்கிலத்திலேயே விளக்கம் தரும் அகராதி என்பதால் தமிழ்ப் பொருள் கிடைக்காது. விளக்கங்கள் பெரும்பாலும் ‘ஆக்ஸ்போர்டு 3000’ என்ற அடிப்படைச் சொற்பட்டியலுக்குள் அமைந்தாலும், அந்த மூவாயிரத்திலேயே தடுமாறுபவருக்கு ஒவ்வொரு விளக்கமும் புதிய தேடலாகிவிடும். அவர்கள் நல்ல ஆங்கிலம்–தமிழ் அகராதி ஒன்றை அருகில் வைத்துக்கொள்ள வேண்டும். சொற்களுக்கு ஏ1 (தொடக்கநிலை) முதல் சி1 (உயர்நிலை) வரை தரநிலை குறித்திருப்பதும், தலைப்புவாரியான பட்டியல்கள் இருப்பதும் உதவிதான். ஆனாலும் ஒரு வாழ்க்கையைப் பிறப்பிலிருந்து இறப்பு வரை வரிசையாகச் சொல்வதற்குரிய சொற்களை ஓரிடத்தில் தொகுத்துத் தருவது ஆசிரியரின் வேலையாகவே மீந்திருக்கிறது. தேட வேண்டிய சொல் முன்கூட்டியே தெரிந்திருந்தால்தான் அகராதி வாய் திறக்கும்.

பள்ளி இறுதி வகுப்பு முடித்து, எளிய ஆங்கிலக் கட்டுரையை உதவியின்றிப் படிக்கக்கூடியவர்களுக்கு இதைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். இந்தத் தேவைக்கு மட்டும் என்றால் காசு கொடுத்து அச்சுப் பதிப்பு வாங்க வேண்டியதில்லை. உச்சரிப்பைக் கேட்கும் வசதிக்காகவே இணையப் பதிப்பு மேல். முதலில் ‘லிட்ரச்சர்’ பக்கத்தின் சொல்லிணைப் பெட்டி, பிறகு ‘பிரிங்’, ‘மேரி’, ‘டை’, ‘சர்வைவ்’, ‘சூடோனிம்’, ‘சீரியலைஸ்’ என்ற வரிசையில் படித்து, ஒவ்வொன்றுக்கும் டிக்கன்ஸின் வாழ்க்கையிலிருந்து ஒரு வாக்கியத்தைக் கைப்பட எழுதி, உரக்கப் படித்துப் பார்க்கலாம். நிருபராகும் முன் டிக்கன்ஸ் சுருக்கெழுத்து கற்றுக்கொண்டதைச் சொல்ல ‘ஷார்ட்ஹேண்ட்’ பதிவையும் அதே வரிசையில் சேர்த்துக்கொள்ளுங்கள்.