கோவை – திருப்பூர் தினசரி ஓட்டத்தில் ஒரு பழைய ஆடி டிடி

உப்பிலிபாளையம் பக்கம் வீடு, திருப்பூரில் ஆபீஸ், நூல் ஏஜென்சி தொழில். காலையில் அவிநாசி ரோட்டைப் பிடித்தால் திருப்பூர். மதியத்துக்கு மேல் பல்லடம், சோமனூர், பெருந்துறை என்று மில்லுக்கும் நிட்டிங் கம்பெனிகளுக்கும் சுற்றல். அவ்வப்போது ஈரோடு, கரூர். இந்த ஓட்டத்துக்கு 2015 மாடல் ஆடி டிடி ஒன்றை செகண்ட் ஹேண்டில் வாங்கி, நாலு வருஷத்துக்கு மேலாக அதையே தினசரி வண்டியாக வைத்திருக்கிறேன். ஷெட்டில் போர்த்தி வைத்து ஞாயிற்றுக்கிழமை மட்டும் எடுக்கிற வண்டி இல்லை. பழைய ஸ்போர்ட்ஸ் காரைத் தொழிலுக்கும் சேர்த்து வாங்கலாமா என்று யோசிப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தினமும் ஓட்டப்போகிற ஸ்போர்ட்ஸ் காரின் வடிவத்தைப் பார்த்து ஆசைப்படலாம், தப்பே இல்லை. ஆனால் அதற்கு அடியில் இருக்கிற எஞ்சினும் கியர்பாக்ஸும் உங்கள் ஊர் மெக்கானிக்குகளுக்குக் கை பழகியவையாக இருக்க வேண்டும். நான் டிடியை எடுத்ததற்கு இதுதான் பெரிய காரணம். 2015-ல் இந்தியாவுக்கு வந்த மூன்றாம் தலைமுறை டிடி, ஃபோக்ஸ்வாகன் குழுமம் பல மாடல்களுக்குப் பொதுவாக வைத்திருக்கும் எம்க்யூபி என்ற அடித்தளத்தில் கட்டப்பட்டது. ஸ்கோடா ஆக்டேவியாவும் ஆடி ஏ3-யும் அதே தளம்தான். எஞ்சின் ஈஏ888 குடும்பம், ஆக்டேவியா 1.8 டிஎஸ்ஐ-யில் இருப்பதும் அதே குடும்பம். கோவையில் ஆக்டேவியா பிரிக்கத் தெரிந்த கேரேஜ்களுக்குப் பஞ்சமில்லை. ஆகவே 230 குதிரைத்திறன், 370 நியூட்டன் மீட்டர் டார்க், நாலு சக்கரத்துக்கும் சக்தி போகும் குவாட்ரோ, 100 கிலோமீட்டர் வேகத்தை 5.3 நொடியில் தொடும் கார் ஒன்றை, ஒரு செடான் வைத்திருப்பவருடைய நிம்மதியோடு பராமரிக்க முடிகிறது.

வேறு வண்டிகளையும் பார்க்காமல் இல்லை. ஃபோர்டு மஸ்டாங் ஜிடியின் 5 லிட்டர் வி8 சத்தத்துக்கு மனசு இளகாதவர் யார்? ஆனால் 1.9 மீட்டர் அகலத்தை வைத்துக்கொண்டு திருப்பூர் காதர்பேட்டைச் சந்துகளில் தினமும் நுழைய முடியாது. பிஎம்டபிள்யூ இசட்4 (2009-க்குப் பின் வந்த மடக்குக் கூரை மாடல்) அழகான வண்டி. கூரை மூடியிருந்தால் டிக்கியில் 310 லிட்டர் இடம், திறந்தால் 180. சாம்பிள் பை தூக்குகிற எனக்கு அது போதாது. அப்புறம் காற்று போனாலும் கொஞ்ச தூரம் ஓடும் ரன்-ஃபிளாட் டயர், கூரையை மடக்கும் ஹைட்ராலிக் என்று பத்து வருஷம் கடந்த வண்டியில் கவலைப்பட நிறையவே உண்டு. போர்ஷே கேமன் ஓட்டுவதற்கு இவை எல்லாவற்றையும் விட ஒரு படி மேல், அதில் சந்தேகமில்லை. ஆனால் 2009-க்கு முந்தைய கேமன்களில் எஞ்சினுக்குள் இருக்கும் ஐஎம்எஸ் பேரிங் தேய்ந்தால் எஞ்சினே போய்விடும் அபாயம் உண்டு. அதற்குப் பின் வந்தவற்றின் விலை என் கைக்கு எட்டவில்லை.

டிடியிலும் எல்லாம் ஒன்றல்ல. இரண்டாம் தலைமுறை டிடி இன்னும் மலிவாகக் கிடைக்கும். அதன் 211 குதிரைத்திறன் எஞ்சின் ஈஏ888-இன் இரண்டாம் தலைமுறை. அந்த எஞ்சின்களில் ஆயில் குடிப்பதும் டைமிங் செயின் டென்ஷனர் பழுதாவதும் உலகம் முழுக்கத் தெரிந்த விஷயம். கொஞ்சம் கூடுதலாகப் போட்டு மூன்றாம் தலைமுறைக்குப் போவதே புத்தி. புதிதில் ஷோரூம் விலை 60 லட்சத்தைத் தாண்டிய கார் அது. ஆறேழு வருஷம் கழித்து, அதில் பாதிக்கும் கீழே எனக்குக் கிடைத்தது. இரண்டு கதவு வண்டியைக் குடும்பஸ்தர்கள் வாங்குவதில்லை, அதனால் விலை வேகமாக இறங்குகிறது.

வாங்கும்போது பார்க்க வேண்டியவற்றைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். இங்கே காட்டும் பொறுமைதான் பின்னால் பணமாக மிஞ்சும்.

கோவையில் இந்த மாதிரி வண்டிகள் எண்ணிக்கையில் குறைவு. சென்னை, பெங்களூரு, கொச்சி என்று வெளியூருக்குத்தான் போக வேண்டும். சென்னை வண்டி என்றாலே எனக்கு முதல் கேள்வி வெள்ளம். 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் மூழ்கிய கார்கள் கழுவித் துடைக்கப்பட்டு மேற்கே வரத்தான் செய்கின்றன. கொச்சி வண்டியானால் 2018 வெள்ளம். சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பாருங்கள். எப்போதும் சுருண்டே கிடக்கும் அந்த உள் முனையில் சேற்றுக் கோடு அப்படியே இருக்கும், அதை யாரும் கழுவுவதில்லை. சீட்டுக்கு அடியில் டார்ச் அடித்து, சீட் நகரும் தண்டவாளத்தின் போல்ட் தலைகளில் துரு இருக்கிறதா பாருங்கள். டிக்கி விரிப்பைத் தூக்கி அடிப்பள்ளத்தை விரலால் தடவுங்கள். வெளியூர் டீலர் ஒருவர் காட்டிய பளபளப்பான சிவப்பு வண்டி ஒன்றை இந்த மூன்று சோதனையிலேயே நான் விட்டுவிட்டு வந்தேன். "ஒரே ஓனர், டாக்டர் வண்டி" என்று சொல்லித்தான் காட்டினார்கள்.

அடுத்தது ஸ்கேன். ஃபோக்ஸ்வாகன் குழும வண்டிகளுக்கான விசிடிஎஸ் கருவி வைத்திருக்கும் மெக்கானிக்கைக் கூடவே அழைத்துப் போங்கள், அவர் கூலியைக் கணக்குப் பார்க்காதீர்கள். மீட்டரைத் திருப்பி வைப்பவர்கள் பெரும்பாலும் டேஷ்போர்டு எண்ணைத்தான் மாற்றுவார்கள். மற்ற கன்ட்ரோல் யூனிட்களில் பதிவாகியிருக்கும் கிலோமீட்டரோடு ஒப்பிட்டால் குட்டு வெளிப்படும். எஞ்சின் மென்பொருளை மாற்றிப் பவர் ஏற்றியிருக்கிறார்களா என்பதையும் அவரையே பார்க்கச் சொல்லுங்கள். நரேன் கார்த்திகேயன் 2005-ல் ஃபார்முலா 1 ஓட்டப் போன ஊர் இது, செட்டிப்பாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீடுவே இருக்கிற ஊர். இங்கே பவர் ஏற்றத் தெரிந்த கைகள் அருமையான கைகள், அவர்கள் மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு. ஆனால் இன்னொருவர் ஆசைக்கு ஏற்றிய டார்க்கில் தேய்ந்த கிளட்சை நாம் ஏன் வாங்க வேண்டும்?

கியர்பாக்ஸ் விஷயத்தில் ஒரு ஆறுதல் உண்டு. இந்தியாவில் பலரையும் அழவைத்தது ஃபோக்ஸ்வாகன் குழுமத்தின் இரட்டை கிளட்ச் ஆட்டோமேட்டிக்கான 7 ஸ்பீடு டிஎஸ்ஜி. அது உலர் கிளட்ச் வகை. டிடியில் இருப்பது எண்ணெயில் மூழ்கி ஓடும் 6 ஸ்பீடு ஈர கிளட்ச். நம்ம ஊர் வெயிலுக்கும் நெரிசலுக்கும் இது எவ்வளவோ தாங்கும். 60,000 கிலோமீட்டருக்கு ஒரு முறை ஆயிலும் ஃபில்டரும் மாற்றியதற்குப் பில் இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லை என்றால் அந்தச் செலவை விலையில் குறைத்துப் பேசுங்கள். குவாட்ரோவில் பின் சக்கரங்களுக்குச் சக்தியை இணைத்துவிடும் ஹால்டெக்ஸ் கப்ளிங்கைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள். மூன்று வருஷத்துக்கு ஒரு தடவை அதன் ஆயிலை மாற்ற வேண்டும். மாற்றும்போது சின்ன பம்பைக் கழற்றி அதன் வலையையும் சுத்தம் பண்ண வேண்டும். என் மெக்கானிக் கழற்றிக் காட்டியபோது, கட்டைவிரல் அகல வலை முழுக்கக் கறுப்புப் பசை அப்பியிருந்தது. அதைச் சுத்தம் பண்ணாமல் ஆயிலை மட்டும் ஊற்றினால் பம்ப் திணறும், பின் சக்கரங்களுக்குச் சக்தி போகாது. ஓட்டுகிறவருக்கு அது தெரியவே தெரியாது.

இந்த எஞ்சின் குடும்பத்தில் வாட்டர் பம்பும் தெர்மோஸ்டாட்டும் சேர்ந்த பிளாஸ்டிக் கூடு, வயசானால் கூலன்ட் கசியும். நான் கசியும்வரை காத்திருக்கவில்லை. வாங்கிய வருஷமே புதுசு போட்டுவிட்டேன். சித்திரை வெயிலில் கரூர் ரோட்டில் நிற்க யாருக்கு நேரமிருக்கிறது?

காகித வேலையில் வெளிமாநில வண்டிக்குத்தான் அலைச்சல். படிவம் 28-ல் என்ஓசி, பெயர் மாற்றத்துக்கு 29-ம் 30-ம், கடன் இருந்தால் அதை நீக்க 35. வேறு மாநில எண்ணோடு இங்கே 12 மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் தமிழ்நாட்டு எண் வாங்கியே ஆகவேண்டும், இங்கத்திய வாழ்நாள் வரியும் கட்ட வேண்டும். அதைச் சேர்த்துக் கணக்குப் போட்டால் 'மலிவான' வெளிமாநில வண்டி பல சமயம் மலிவாக இருக்காது. இன்ஷூரன்ஸை 14 நாளுக்குள் பெயர் மாற்ற விண்ணப்பியுங்கள். பழைய ஓனரின் நோ கிளெய்ம் போனஸ் உங்களுக்கு வராது.

சரி, ஓட்டுவதற்கு வருவோம். கணியூர் டோல்கேட் தாண்டி கருமத்தம்பட்டி, தெக்கலூர் வழியாக 100-ல் போகும்போது வண்டி ரோட்டோடு ஒட்டிப் போகிறது. லாரியைத் தாண்ட வேண்டும் என்று நினைத்த கணமே தாண்டியிருக்கும். நாள் முழுக்கச் சுற்றிவிட்டு ராத்திரி திரும்பும்போதும் எனக்கு அலுப்பு தெரிவதில்லை. சீட் அவ்வளவு நன்றாக முதுகைப் பிடிக்கிறது. ஊருக்குள் இருந்த பாடு 2025 அக்டோபரில் ஜி.டி.நாயுடு மேம்பாலம் திறந்தபின் பெரிதும் குறைந்துவிட்டது. உப்பிலிபாளையத்தில் ஏறினால் கோல்டுவின்ஸ் வரை 10.1 கிலோமீட்டர் சிக்னலே இல்லை. முன்பு அந்தத் தூரத்தில்தான் கிளட்சும் பெட்ரோலும் வீணாகிக்கொண்டிருந்தன.

சிரமம் மெயின் ரோட்டை விட்டு இறங்கும்போது ஆரம்பிக்கிறது. வண்டியின் மொத்த உயரமே 1.35 மீட்டர். கிராமத்து வேகத்தடைகளைக் குறுக்குச் சாய்வாக, ஒவ்வொரு சக்கரமாக ஏற்றி இறக்கினால் பெரும்பாலும் தட்டாது. மில் கேட்டை ஒட்டிய எடைமேடைதான் எமன். அதன் இரும்பு விளிம்பு சரியாக எஞ்சினுக்கு அடியில் இருக்கும் பிளாஸ்டிக் தட்டில் உரசும். ஸ்க்ரூ துளைகளைச் சுற்றித் தட்டு கிழிந்து, ஓடும்போது படபடவென்று அடிக்க ஆரம்பிக்கும். துளைகளுக்குப் பெரிய வாஷர் போட்டு இறுக்கியபின் அந்தத் தொல்லை இல்லை. 40 சீரிஸ் டயரின் பக்கச் சுவர் மெலிசு. மழைக்காலத்தில் தண்ணீர் நிற்கும் குழியில் இறங்கினால் பொடைப்பு கிளம்பும், எனக்கும் ஒரு டயர் அப்படிப் போனது. டயர் வாங்கும்போது ஓரத்தில் இருக்கும் நாலு இலக்க எண்ணைப் பாருங்கள். 3524 என்றால் 2024-ஆம் ஆண்டின் 35-வது வாரம் தயாரானது.

பெருந்துறையில் ஒரு மில் முதலாளி, எழுபது வயதுக்காரர், முதல் தடவை பார்த்ததும் கேட்டார்: "ஏனுங் தம்பி, தரையோட தரையா இருக்குதுங்களே, நம்ம கேட்டுக்குள்ள இது வருங்களா?" வந்தது. பின் கதவைத் தூக்கி, பின்சீட்டை மடக்கி, ஒரு முழு நூல் மூட்டையை ஏற்றிக் காட்டினேன். பின்சீட்டோடு 305 லிட்டர், மடக்கினால் 712 லிட்டர். செடானைப் போல டிக்கி வாய் குறுகலாக இல்லாததால் கோன் அட்டைப்பெட்டிகள் நேராக உள்ளே போகும். பின்சீட்டில் ஆள் உட்கார முடியாது, அதைச் சரக்கு இடம் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். முழங்கால் வலி உள்ள பெரியவர்களை முன்சீட்டில் ஏற்றி இறக்குவதும் கஷ்டம். ஆகவே வீட்டில் இன்னொரு சாதாரணக் கார் கட்டாயம் வேண்டும். கோயிலுக்கும் கல்யாணத்துக்கும் அதுதான் போகும்.

கலர் விஷயத்தில் என் யோசனை சாம்பல் அல்லது வெள்ளை. கமிஷன் தொழிலில் இருக்கிறவன் மஞ்சள் வண்டியில் போய் இறங்கினால் அடுத்த பேச்சு கமிஷனைக் குறைப்பது பற்றியதாக இருக்கும். சாம்பல் டிடி, தெரிந்தவருக்கு மட்டும் தெரியும்.

வருமான வரியில் கார் தேய்மானம் 15 சதவீதம். வருஷத்தில் 180 நாளுக்குக் குறைவாகப் பயன்படுத்தியிருந்தால் பாதி. சொந்த உபயோகத்தின் பங்கைக் கழித்துவிட்டுக் காட்டுவது நல்லது. காருக்குக் கொடுத்த ஜிஎஸ்டியை நம்மைப் போன்றவர்கள் திரும்ப எடுக்க முடியாது. தேய்மானம் காட்டிய காரைப் பின்னால் விற்கும்போது, கணக்கில் மிஞ்சியிருக்கும் மதிப்புக்கு மேல் கிடைத்த தொகைக்கு 18 சதவீத ஜிஎஸ்டி உண்டு. ஆடிட்டரிடம் முன்பே பேசிவிட்டு வாங்குங்கள்.

மைலேஜ் ஹைவேயில் 12, 13 வரை தருகிறது, ஊருக்குள் 8-ஐ ஒட்டி. டேங்க் மூடியின் உள்பக்கம் 95 ஆக்டேன் என்று போட்டிருக்கும்; அதற்குக் குறைந்ததை நான் ஊற்றுவதில்லை. 2015 காலத்து எஞ்சின்கள் 10 சதவீத எத்தனாலுக்கு வடிவமைத்தவை, இப்போது பம்பில் வருவதோ 20 சதவீதம். எத்தனால் ஈரத்தை இழுக்கும் என்பதால் டேங்கில் பெட்ரோலை வாரக்கணக்கில் ஊறவிடக் கூடாது. தினமும் ஓடுகிற வண்டிக்கு அந்தக் கவலை குறைவு.

டிடி தயாரிப்பு 2023 நவம்பரில் ஹங்கேரியின் ஜியோர் ஆலையில் நின்றுவிட்டது. இனி பார்ட்ஸ் கிடைக்குமா என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். எஞ்சின், கியர்பாக்ஸ், பிரேக், சஸ்பென்ஷன் சாமான்கள் ஆக்டேவியா, ஏ3 வழியாகக் கிடைத்துக்கொண்டுதான் இருக்கின்றன. டிடிக்கே உரியவைதான் விலையும் தாமதமும்: ஹெட்லைட், கதவுக் கண்ணாடி, தானாக எழும்பும் பின் ஸ்பாய்லரின் மோட்டார், ஸ்டீயரிங்குக்கு எதிரே இருக்கும் 12.3 அங்குலத் திரை. நடுவில் வேறு திரையே கிடையாது, அது போனால் மேப், பாட்டு, மீட்டர் எல்லாம் போகும். ஆகவே வாங்கும் முன் இந்த நாலையும் ஒவ்வொன்றாக இயக்கிப் பாருங்கள். ஹெட்லைட்டுக்குள் ஈரப் பூச்சு தெரிந்தால் புது செட்டின் விலையை விசாரித்துவிட்டு, அப்புறம் ஓனரிடம் பேச உட்காருங்கள்.