பகல்நேர அறுவைச் சிகிச்சைக்குப் பின் வலி மருந்து: ஒரு மருந்தகச் சேவை

அம்மாவின் குடலிறக்க அறுவைச் சிகிச்சை முடிந்து, அன்று மாலையே ஈசூனில் உள்ள வீட்டுக்குத் திரும்பினோம். மருத்துவமனை மருந்தகத்தில் இருந்த மருந்தாளர், 500 மில்லிகிராம் பாராசிட்டமாலை ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை இரண்டிரண்டாகக் கொடுக்கவும், ஐபுபுரூஃபெனைச் சாப்பாட்டுக்குப் பிறகே கொடுக்கவும் சொன்னதோடு, வீட்டில் இருக்கும் பனடோலும் அதே பாராசிட்டமால்தான் என்பதால் இரண்டும் சேர்ந்து ஒரு நாளில் 4 கிராமைத் தாண்டிவிடக் கூடாது என்று பொறுமையாக விளக்கினார். தலைவலி என்றாலே பனடோலைத் தேடும் வீடு எங்களுடையது; இந்த ஓர் அறிவுரைக்காகவே அவருக்கு நன்றி.

ஆனால், மரத்துப்போகச் செய்யும் ஊசியின் வேகம் இரவில் குறையும் என்பதை எவரும் எங்களிடம் சொல்லவில்லை. வலிதான் இல்லையே என்று அம்மா இரவு மாத்திரையை மறுத்துவிட்டார். அதிகாலை மூன்று மணிக்குக் கட்டிலின் விளிம்பைப் பற்றிக்கொண்டு எழ முடியாமல் தவித்தார். வலி ஏறும் முன்பே மருந்து உள்ளே போயிருக்க வேண்டும். உறைகளில் ஆங்கிலம் மட்டுமே இருந்ததால், 'காலை', 'இரவு' என்று நானே தமிழில் எழுதி ஒட்டினேன்.

மறுநாள் தாதி தொலைபேசியில் அழைத்து, வலி பத்துக்கு எத்தனை என்று கனிவாகக் கேட்டார். அந்த அழைப்பு முதல் நாள் இரவே வந்திருக்க வேண்டும்.